வாய் திறக்காத பிழைகள்

தரவுத்தளத்தை வினவக் கற்றுக்கொள்ள எந்தப் புத்தகத்தை வாங்கலாம் என்று கேட்பவருக்குப் பெரும்பாலும் ஒரு பட்டியல் கிடைக்கிறது. எளிமையானது இது, விரிவானது அது, விலை குறைந்தது இன்னொன்று, அண்மைப் பதிப்பு வேறொன்று. இந்த அளவுகோல்களில் தவறில்லை. ஆனால் தோட்டக்கலைப் புத்தகத்துக்கும் இவை இதே அளவு பொருந்தும். எஸ்.க்யூ.எல். என்ற மொழிக்கே உரிய ஒரு குணம் உண்டு. அதைக் கற்பிக்கும் நூலை அந்தக் குணத்தை வைத்தே அளக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த மொழியில் மோசமான பிழைகள் ஓடிவிடுகின்றன. எச்சரிக்கை வராது, சிவப்பு எழுத்து வராது. ஓர் எண்ணோ ஒரு பெயர்ப்பட்டியலோ அமைதியாக வந்து நிற்கும். பார்ப்பதற்குச் சரியான விடை போலவே இருக்கும். அப்படிப்பட்ட வினவல்களைப் பற்றி ஒரு புத்தகம் எங்கே பேசுகிறது, எவ்வளவு பேசுகிறது என்பதுதான் அதன் தரத்தைச் சொல்லும். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். (தொழிலில் டேபிள் என்பதை இங்கே அட்டவணை என்கிறேன், அதன் கிடைமட்ட, செங்குத்து வரிசைகளுக்குப் பள்ளிக் கணிதத்தில் அணிகளுக்கு வழங்கும் நிரை, நிரல் என்ற சொற்களையே எடுத்துக்கொள்கிறேன்.)

இந்த மௌனம் மொழியின் பிறப்பிலேயே இருக்கிறது. 1960களின் தரவுத்தளங்களில் ஒரு தகவலை எடுக்க வேண்டுமென்றால், அது எந்தக் கோப்பில் இருக்கிறது, எந்தச் சுட்டியைப் பிடித்து அடுத்த பதிவுக்குப் போக வேண்டும் என்ற வழி முழுவதையும் ப்ரோகிராமரே எழுத வேண்டியிருந்தது. அந்த முறையின் முன்னோடியான சார்லஸ் பாக்மன் 1973இல் டூரிங் விருதை ஏற்று ஆற்றிய உரையில் ப்ரோகிராமரை மாலுமி என்றே வருணித்தார். அதற்கு மூன்றாண்டுகள் முன்பே, 1970இல், ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் அந்த மாலுமி வேலை தேவையில்லை என்று சொல்லும் கட்டுரையை வெளியிட்டிருந்தார். தரவு எங்கே, எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பது பயனருக்குத் தெரிய வேண்டியதில்லை. என்ன வேண்டும் என்று சொன்னால் போதும், வழியை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். அந்தக் கருத்துக்கு 1974இல் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் ‘சீக்வல்’ என்ற ஆங்கிலச் சாயல் கொண்ட மொழியைக் கொடுத்தார்கள். வணிகச்சின்னச் சிக்கலால் அந்தப் பெயர் பின்னர் எஸ்.க்யூ.எல். என்று சுருங்கியது. 1979இல் பட்ரிசியா செலிங்கரும் அவரது சகாக்களும், ஒரு வினவலுக்கு எந்த வழி செலவு குறைந்தது என்று இயந்திரமே கணக்கிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையை விளக்கினார்கள். இது பெரிய விடுதலை. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. வழியை நாம் சொல்லாததால், வழியில் எதுவும் முட்டி நிற்பதில்லை. நாம் கேட்க நினைத்தது வேறு, கேட்டது வேறு என்றால், கேட்டதற்கான விடையை இயந்திரம் பழுதில்லாமல் தந்துவிடும்.

ஆரக்கிள் தன் மென்பொருளோடு பல்லாண்டுகள் கொடுத்துவந்த மாதிரி அட்டவணைகள் இரண்டை எடுத்துக்கொள்ளலாம். ஊழியர் அட்டவணையில் 14 நிரைகள், துறை அட்டவணையில் 4. பலர் முதல் வினவலை எழுதிப் பார்த்தது இவற்றின் மீதுதான். இவ்வளவு சின்ன இடத்தில் இந்த மொழியின் கண்ணிகள் பல இருக்கின்றன. ஒவ்வொரு துறையிலும் எத்தனை பேர் என்று கேட்டு, இரண்டு அட்டவணைகளையும் சாதாரண ஜாயின் கொண்டு இணைத்தால் மூன்று வரிகள் வரும்: கணக்குத் துறையில் 3, ஆய்வில் 5, விற்பனையில் 6. கூட்டிப் பார்த்தால் 14, ஊழியர் எண்ணிக்கையோடு அச்சாகப் பொருந்தும். கணக்குச் சரியாக வந்துவிட்டதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் நான்காவது துறை எங்கே? பாஸ்டனில் உள்ள செயல்பாட்டுத் துறையில் ஊழியர் எவரும் இல்லை. ஆகவே இணைப்பில் அந்தத் துறையே காணாமல் போய்விட்டது. ‘ஒவ்வொரு துறையிலும்’ என்றுதான் கேட்டோம், நான்கில் மூன்றுக்குத்தான் பதில் வந்தது. இதை அறிந்தவர், ஊழியர் இல்லாத துறையையும் தக்கவைக்கும் லெஃப்ட் ஜாயினுக்கு மாறுவார். அங்கே அடுத்த கண்ணி இருக்கிறது. நட்சத்திரக் குறி போட்டு நிரைகளை எண்ணினால், ஆளே இல்லாத அந்தத் துறையில் ஓர் ஊழியர் இருப்பதாக விடை வரும். துறைக்கென்று ஒரு வெற்று நிரை உருவாகிவிட்டதே, அதையும் எண்ணிவிடுகிறது. ஊழியர் எண் என்ற நிரலை எண்ணச் சொன்னால்தான் சுழியம் கிடைக்கும். எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்தான். அந்தச் சொல் மாறினால் நிறுவனத்தின் ஆள்கணக்கு 14 என்பது 15 ஆகிறது.

இதே அட்டவணையில் தலைவர் கிங்குக்கு மேலாளர் இல்லை. அவர் நிரையில் மேலாளர் எண் இருக்க வேண்டிய இடம் ‘நல்’ என்று காலியாக இருக்கிறது. யாருக்கும் மேலாளராக இல்லாதவர்கள் யார் என்று கேட்க விரும்பும் மாணவர், மேலாளர் எண்களின் பட்டியலை எடுத்து, அந்தப் பட்டியலில் இல்லாத ஊழியர்களைத் தா என்று ‘நாட் இன்’ கொண்டு எழுதுவார். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் குறையே இல்லாத வாக்கியம். ஆனால் ஒரு நிரைகூட வராது. மேலாளர்கள் 6 பேர்தான், ஆகவே சரியான விடை 8 பேர். என்ன நடந்தது? பட்டியலில் கிங்கின் அந்தக் காலி இடமும் சேர்ந்துவிட்டது. ஓர் ஊழியரின் எண் அந்தக் காலி இடத்துக்குச் சமமில்லையா என்று கேட்டால், இயந்திரத்தின் பதில் ஆம் என்றோ இல்லை என்றோ இருக்காது. ‘தெரியாது’ என்பதே அதன் பதில். எல்லா நிபந்தனைகளும் உண்மையானால்தான் நிரை தேறும். ஒன்று ‘தெரியாது’ என்றால் எதுவும் தேறாது. ஒருவருக்கு மேலாளர் இல்லை என்ற ஒரே காரணத்தால் எட்டுப் பேர் விடையிலிருந்து மறைந்துவிட்டார்கள். கமிஷன் நிரலிலும் இதே கதைதான். 4 விற்பனையாளர்களுக்கு மட்டுமே அங்கே எண் இருக்கிறது; அதிலும் ஒருவருக்குச் சுழியம். சராசரி கேட்டால் 550 என்று வரும். 14 பேருக்கும் பகிர்ந்தால் அது 157தான். எது சரி என்பதை இயந்திரம் சொல்லாது. கமிஷன் ‘இல்லை’ என்பதும் கமிஷன் ‘சுழியம்’ என்பதும் அந்த நிறுவனத்தில் ஒன்றா வேறா என்று அறிந்தவர்தான் சொல்ல முடியும். கமிஷன் சுழியமாகவோ சுழியம் அல்லாமலோ இருப்பவர்கள் யார் என்று கேளுங்கள். தர்க்கப்படி அனைவரும் வர வேண்டும். நால்வர் வருவார்கள்.

இவை கற்றுக்குட்டிகளின் அற்பத் தடுமாற்றங்கள் என்று ஒதுக்க முடியாது. ‘நல்’ என்ற ஒன்று இருக்கலாமா என்பதிலேயே இந்தத் துறையின் முன்னோர்கள் பிரிந்து நின்றார்கள். காட் அதைக் கோட்பாட்டின் உறுப்பாகவே ஏற்றார். 1990இல் வந்த நூலில், மதிப்பு இருக்கிறது ஆனால் தெரியவில்லை என்பதற்கு ஒரு குறியும், அந்த நிரலே இவருக்குப் பொருந்தாது என்பதற்கு வேறொரு குறியும் வேண்டும் என்று மேலும் விரித்தார். அவரது கருத்துகளை உலகுக்கு எடுத்துச் சொன்ன கிறிஸ் டேட் ‘நல்’லே கூடாது என்று விடாமல் எழுதிவந்தார். இப்படிப்பட்ட விஷயத்தை அரைப் பக்கத்தில், ‘காலியான மதிப்பு நல் எனப்படும்’ என்று சொல்லிக் கடக்கிற புத்தகம், வாசகரிடம் ஓர் உண்மையை மறைக்கிறது. எளிமைக்காகச் செய்ததாகவே இருக்கட்டும், மறைப்பு மறைப்புதான்.

ஒரு மறுப்பை இங்கேயே எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த மொழியில்தான் தர்க்கப் பிழை இல்லை? சி மொழியிலும் பைத்தானிலும் தவறான கணக்கைப் போட்டுவிட்டு ப்ரோகிராம் நிம்மதியாக முடியலாமே. உண்மைதான். ஆனால் அங்கே படிகள் எழுதியவருடையவை. நடுவில் நிறுத்தி, இந்த மாறியில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். வினவலில் படிகள் நம்முடையவை அல்ல. இயந்திரம் தேர்ந்தெடுத்த பாதையைப் பார்த்தாலும் அது வேகத்தைப் பற்றிச் சொல்லுமே தவிர, நம் நோக்கத்தைப் பற்றிச் சொல்லாது. ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபான் பிராஸும் கிறிஸ்டியான் கோல்ட்பெர்கும் ஒரு பயனுள்ள வேலை செய்தார்கள். கேள்வி என்னவென்றே தெரியாவிட்டாலும், வினவலை மட்டும் பார்த்தே இது தவறு என்று சொல்லக்கூடிய வகைகளைப் பட்டியலிட்டு 2006இல் வெளியிட்டார்கள். ஒரே நிரல் ஒரே நேரத்தில் இரண்டு மதிப்புகளுக்குச் சமம் என்று கேட்பது, இணைப்பு நிபந்தனையை விட்டுவிடுவது போன்றவை. இலக்கணப்படி எல்லாம் செல்லும்; பொருள்படி எதுவும் செல்லாது. அவற்றுக்கெல்லாம் தரவுத்தளம் எதிர்ப்பே காட்டுவதில்லை என்பதுதான் அந்தப் பட்டியலின் வலிமை. கேள்வி தெரிந்தால்தான் தவறு என்று சொல்ல முடிகிற வினவல்கள் அதற்கு வெளியே எல்லையில்லாமல் கிடக்கின்றன. அவற்றை எந்தக் கருவியும் கண்டுபிடிக்காது. அங்கே காவல் வாசகரின் சந்தேகம் மட்டுமே. அந்தச் சந்தேகத்தைப் பழக்கித் தருவதற்குத்தான் புத்தகம்.

இந்த அளவுகோலோடு அறியப்பட்ட சில நூல்களை எடுத்துப் பார்ப்போம். ஆலன் பியூலியூவின் ‘லேர்னிங் எஸ்.க்யூ.எல்.’ தொடக்கநிலையாளருக்கு அதிகம் பரிந்துரைக்கப்படுவது. 2020இல் மூன்றாம் பதிப்பு வந்தது. நிரைகளை வடிகட்டும் அத்தியாயத்திலேயே ‘நல்’லுக்குத் தனிப் பகுதி ஒதுக்கி, சமக் குறி போட்டு அதைத் தேடினால் விடையும் வராது, எச்சரிக்கையும் வராது என்று காட்டிவிடுகிறார். சரியான இடத்தில் சரியான எச்சரிக்கை. ஜான் வியஸ்காஸும் மைக்கேல் ஹெர்னாண்டஸும் எழுதிய ‘எஸ்.க்யூ.எல். க்வெரீஸ் ஃபார் மியர் மார்ட்டல்ஸ்’ வேறொரு நல்ல பழக்கத்தைத் தருகிறது. கேள்வியை முதலில் பேச்சுமொழியில் எழுது, அதை அட்டவணை நிரல்களின் பெயரோடு திருத்தி எழுது, தேவையற்ற சொற்களை அடித்துவிடு, பிறகுதான் வினவல். தடித்த புத்தகம், மெதுவாகப் போவது. பொறுமை இல்லாதவருக்கு அலுக்கும். ஆனால் கேட்க நினைத்ததற்கும் கேட்டதற்கும் இடையிலுள்ள இடைவெளியில் நேரடியாகக் கைவைக்கிற நூல் அது. என் குறை, ‘இல்லை’ என்பதைக் கேட்கும் வினவல்களின் சிக்கலை அது பிற்பகுதியில், பதினெட்டாம் அத்தியாயத்தில்தான் விரிவாக எடுக்கிறது. அதுவரை படிக்காமல் நிறுத்தியவர் ஆபத்தோடு வெளியேறுகிறார். இட்ஸிக் பென்-கான் மைக்ரோசாஃப்ட்டின் எஸ்.க்யூ.எல். சர்வரை ஒட்டி எழுதிய அடிப்படை நூல், கணக் கோட்பாட்டிலிருந்து தொடங்கி, வினவல் எழுதப்படும் வரிசை வேறு, பொருள்கொள்ளப்படும் வரிசை வேறு என்பதை ஊன்றிச் சொல்கிறது. வேறு தரவுத்தளத்தில் வேலை செய்பவரும் அந்தப் பக்கங்களைப் படிக்கலாம். பில் கார்வின் 2010இல் எழுதிய ‘எஸ்.க்யூ.எல். ஆன்ட்டிபேட்டர்ன்ஸ்’ தவறுகளையே அத்தியாயத் தலைப்புகளாக்கிய புத்தகம். முதல் நூலாக வேண்டாம், இரண்டாவதாகக் கட்டாயம் வேண்டும்.

கல்லூரிப் பாடநூல்களை இந்த உரையாடலில் பலர் சேர்ப்பதில்லை; தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்கள் தேர்வுக்குப் படித்துத் தள்ளிவிட்டதாகவே அவற்றை நினைக்கிறார்கள். சில்பர்ஷாட்ஸ், கோர்த், மும்பை ஐ.ஐ.டி.யின் சுதர்சன் மூவரும் எழுதிய ‘டேட்டாபேஸ் சிஸ்டம் கான்செப்ட்ஸ்’ நூலில் உள்ள உறவு இயற்கணிதம் வெறும் தேர்வுச் சடங்கு என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். இணைப்பு என்பது பெருக்கலில் பிறந்தது என்ற உண்மை அங்கேதான் கிடைக்கிறது. ஜாயினை ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டங்களாக வரைந்து காட்டும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அந்தப் படத்தை நம்பியவருக்கு, ஓர் ஆர்டருக்கு மூன்று பொருள்களும் இரண்டு தவணைப் பணமும் இருந்தால், மூன்று அட்டவணைகளையும் ஒன்றாக இணைக்கும்போது ஆறு நிரைகள் வரும் என்பதும், அப்போது கூட்டிய பணம் மூன்று மடங்காகும் என்பதும் புரியவே புரியாது. வட்டங்கள் வெட்டிக்கொண்டால் சுருங்கத்தானே வேண்டும்? இயற்கணிதம் படித்தவர் ஆறு நிரைகளை எதிர்பார்த்தே உட்கார்ந்திருப்பார். வட்டப் படத்தோடு ஜாயினை முடித்துக்கொள்ளும் புத்தகத்தை, எவ்வளவு அழகாக அச்சிட்டிருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தொடங்கும்போதே இவ்வளவு சந்தேகத்தை ஊட்டினால் படிப்பவர் ஓடிவிடமாட்டாரா என்பது ஆசிரியர்கள் எழுப்பும் மறுப்பு. அதில் நியாயம் இருக்கிறது. முதல் வெற்றியின் மகிழ்ச்சி இல்லாமல் யாரும் எதையும் தொடர்ந்து கற்பதில்லை. அதற்கு நான் சொல்லக்கூடியது, சந்தேகத்தை உபதேசமாகச் சொல்ல வேண்டாம், தரவிலேயே வைத்துவிடலாம் என்பதே. பல புத்தகங்களின் மாதிரித் தரவு அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கிறது. எல்லா நிரல்களும் நிரம்பி, எல்லாப் பெயர்களும் ஒரே எழுத்துக்கூட்டலில், ஆர்டர் கொடுக்காத வாடிக்கையாளரே இல்லாமல். அங்கே தவறான வினவலும் சரியான விடை தரும், தவறு பழக்கமாகிவிடும். அந்தோணி டிபாரோஸ் இதற்கு நேர்மாறாகச் செய்தார். பத்திரிகையாளரான அவர் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தை வைத்து எழுதிய ‘பிராக்டிகல் எஸ்.க்யூ.எல்.’ நூலில், இறைச்சி, முட்டை பதப்படுத்தும் நிறுவனங்களைப் பற்றிய அமெரிக்க அரசின் பட்டியலைக் கொண்டுவந்து வைக்கிறார். அதில் சில நிறுவனங்களுக்கு மாநிலத்தின் பெயரே இல்லை. ஒரே நிறுவனம் பல எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. அஞ்சல் குறியீடுகளில் முன்னால் நிற்க வேண்டிய சுழியம் உதிர்ந்துபோயிருக்கிறது. படிப்பவர் பயப்படுவதில்லை, துப்பறிகிறார். ஊழியர் இல்லாத துறையும் மேலாளர் இல்லாத தலைவரும் கொண்ட அந்த 14 நிரைகள் செய்ததும் இதுவே.

இன்று வலுவாக இருக்கும் மறுப்பு வேறு. கேள்வியைச் சாதாரண மொழியில் சொன்னால் செயற்கை நுண்ணறிவு வினவலை எழுதித் தருகிறது. இனிப் புத்தகம் எதற்கு? எழுதும் வேலை குறைந்தது உண்மை, அதை வரவேற்கவும் செய்யலாம். ஆனால் இலக்கணப் பிழைகளைத்தான் அது முதலில் ஒழிக்கிறது. அவை தாமாகவே வாய் திறந்து சொல்லும் பிழைகள். எஞ்சுவது ஓடிவிடுகிற பிழைகள். கமிஷன் சராசரி 550ஆ 157ஆ என்பது நிறுவனத்தின் வழக்கத்தைப் பொறுத்தது, அட்டவணையில் எழுதப்படாதது. கொடுக்கப்பட்ட வினவலை வாசித்து இது நான் கேட்டதா என்று தீர்ப்புச் சொல்லும் வேலை மனிதரிடமே வருகிறது. எழுதப் பழகாதவர் வாசித்துத் தீர்ப்புச் சொல்வது கடினம். பதிப்பு ஆண்டைப் பார்த்து மட்டும் வாங்குவதும் இதனால்தான் போதாது. ஆனால் ஓரிடத்தில் ஆண்டு முக்கியம். மைஎஸ்கியூஎல் 5.7.5க்கு முந்தைய பதிப்புகளில், குழுவாக்கும் குரூப் பையில் சேராத நிரலையும் செலக்ட்டில் போட்டால் இயல்பாகவே அனுமதித்து, குழுவிலிருந்து ஏதோ ஒரு மதிப்பைக் கொடுத்துவிடும். அந்தப் பதிப்பிலிருந்துதான் இயல்பாக மறுக்கத் தொடங்கியது. 2015க்கு முன் அந்தத் தரவுத்தளத்தை வைத்து எழுதப்பட்ட புத்தகமாக இருந்தால், குழுவாக்கும் அத்தியாயத்தை மட்டும் திறந்து, எடுத்துக்காட்டுகள் இந்தத் தளர்வை நம்பி எழுதப்பட்டவையா என்று பார்த்துவிட வேண்டும்.

தமிழில் இத்தகைய நூலுக்கான முயற்சி இல்லாமல் இல்லை. து. நித்யா ‘எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்’ எழுதி, யாரும் இலவசமாகப் படிக்கும்படி மின்னூலாகத் தந்திருக்கிறார். ஆங்கிலத்தில் திணறும் மாணவருக்கு அந்த வாசல் பெரிது. அதற்கு அடுத்து எழுதப்பட வேண்டிய நூலுக்கு நம் மொழியில் இரண்டு அரிய வசதிகள் உண்டு. ஒன்று, சொல்வரிசை. ஆங்கில ஏவல் வாக்கியத்தின் அச்சில் வார்க்கப்பட்டதால் எஸ்.க்யூ.எல். ‘செலக்ட்’ என்ற வினையோடு தொடங்குகிறது. பொருள்கொள்ளும்போதோ அட்டவணை முதலில், வடிகட்டல் அடுத்து, குழுவாக்கல் அதற்கடுத்து, செலக்ட் ஏறக்குறைய இறுதியில். ‘ஊழியர் அட்டவணையிலிருந்து, ஆயிரத்துக்கு மேல் சம்பளம் வாங்குவோரை, துறைவாரியாக எண்ணிக் கொடு’ என்று தமிழில் சொன்னால் வினை தானாகவே கடைசிக்கு வந்துவிடுகிறது. பென்-கான் பக்கம் பக்கமாக விளக்கும் வரிசை நம் வாக்கிய அமைப்பிலேயே இருக்கிறது. குரூப் பைக்குச் சொல் தேடவும் வேண்டாம். மாவட்டவாரியாக, வகுப்புவாரியாக என்று செய்தித்தாளிலும் அரசாணையிலும் நாள்தோறும் புழங்குகிறது. மற்றொரு வசதி, ‘இல்லை’யின் நுட்பத்தைத் தமிழ் சொல்லமைப்பிலேயே காட்டிவிடுவது. ‘கணிதம் எடுக்காத மாணவர்கள்’ என்ற கேள்விக்கு, பாடம் கணிதத்துக்குச் சமமில்லை என்று நிபந்தனை எழுதினால் ஓடும். கணிதத்தோடு இயற்பியலும் எடுத்த மாணவியின் பெயரும் விடையில் வந்து நிற்கும். எழுதியது ‘கணிதம் அல்லாத பாடத்தை எடுத்த மாணவர்கள்’ என்ற வேறு கேள்வி. எடுக்காத, அல்லாததை எடுத்த: இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த மாணவியின் நிரைகளையும் கீழே அச்சிட்டு, எந்த வாக்கியத்தில் அவள் வருவாள் என்று மூன்றாம் அத்தியாயத்திலேயே கேட்கிற ஒரு தமிழ்ப் புத்தகம் கைக்குக் கிடைத்தால், விலையைப் பார்க்காமல் வாங்கலாம்.